காயா: வீடா, கொல்லை அறையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில், கொல்லைப்புறத்தில் வேலையாள் தங்கும் ஒற்றை அறைக்குக் ‘காயா’ என்று பெயர். ‘காயா பழமா’ என்று கேட்போமே, அந்தக் காய் இல்லை. அங்குள்ள கறுப்பின மக்கள் பேசும் ஜூலு மொழியின் ‘இக்காயா’ இது. வெள்ளைக்காரர் வாயில் முன்னொட்டு உதிர்ந்துவிட்டது.

ஜூலுவில் கட்டடத்துக்கு ‘இன்ட்லு’ என்று தனிச்சொல் உண்டு. குடில்களும் மாட்டுத்தொழுவமும் சேர்ந்த குடியிருப்பு ‘உமுஸி’. இக்காயா இவற்றைவிட நெருக்கமானது: சொந்தபந்தம் இருக்கும் இடம், திரும்பிப் போக வேண்டிய இடம். நம்முடைய இல், மனை, அகம் மூன்றில் அகத்தைத்தான் இதன் பக்கத்தில் வைப்பேன்.

அப்படிப்பட்ட சொல் கொல்லைக்கு எப்படிப் போனது? 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டைத்தான் கறுப்பர்களுக்கு விட்டுவைத்தது. குடிசை வரியோ அதற்கு முன்பிருந்தே காசாகக் கேட்கப்பட்டது. கிராமத்து இளைஞர்கள் டர்பனுக்கு வந்து சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், ரிக்‌ஷா இழுத்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் முதலில் வீட்டுவேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பின்னால்தான் வந்தார்கள். நகரத்தில் தங்கக் கறுப்பர்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. அந்தப் பாஸ் சட்டம் 1986 வரை ஓடியது. வெள்ளையர் வீட்டுக் கொல்லையில் மனைவி மக்களைத் தம்முடன் வைத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. குடும்பம் வரக்கூடாத அறைக்குப் பெயர் வீடு!

அன்றைய வெள்ளையர் அரசும் சளைக்கவில்லை. ஒதுக்கிவைத்த நிலங்களுக்கு ‘ஹோம்லேண்ட்’ என்று பெயர் சூட்டி, அங்கே காலே வைக்காதவர்களையும் அதன் குடிகள் ஆக்கியது. இதைத் ‘தாயகம்’ என்று தமிழில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ‘ஒதுக்குநிலம்’ போதும்.

இளையவர்கள் இன்றும் வருகிறார்கள். வீட்டுவேலையோடு உணவகம், காவல் வேலை என்று பிழைப்பு விரிந்திருக்கிறது. வீட்டுவேலையாளருக்கான 2002ஆம் ஆண்டு விதி, அறைக்கென்று கூலியில் 10 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறது. அதைப் பிடிக்கவும் அறைக்குச் சன்னல் ஒன்றாவது வேண்டும், பூட்டக்கூடிய கதவு வேண்டும்.

காயாவைத் தமிழில் சொல்ல ஒரே சொல் போதாது. வீட்டுக்காரர் வாயில் காயா என்றால் ‘வேலையாள் அறை’. அந்த அறையில் இருப்பவர் ‘எக்காயா’ என்றால் ‘ஊருக்கு’.

எங்கள் பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. டிசம்பரில் வேலைக்காரப் பையன் மூட்டை கட்டி, “எக்காயா” என்று சிரித்தபடி கிளம்பினால், “தம்பி ஊருக்குப் போறான்” என்பார். காயா கொல்லையில் பூட்டிக் கிடக்கும்.