“எதிர்ப்பு சக்தி” பொடிகளும் லூபஸ் நோயாளர்களும்: டி செல் ஆய்வுகள் நமக்குச் சொல்வது

லூபஸ், முடக்குவாதம் போன்ற, எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களுக்காக என்னிடம் தொடர்ந்து மருத்துவம் பெறுவோரில் பெண்களே மிகுதி. மண்டபம், பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் இருந்து அவர்கள் வருகிறார்கள். மாதக்கணக்கில் நோய் அடங்கியிருந்த ஒருவர் திடீரென மூட்டு வீங்கி, கன்னங்களில் தடிப்பு படர்ந்து, சிறுநீர் நுரைத்துத் திரும்பி வரும்போது, இடையில் என்ன நடந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: “இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியக் கொறச்சிரும்னு சொன்னாங்க டாக்டரம்மா, அதான் நிறுத்திட்டு சத்துப்பொடி வாங்கிச் சாப்பிட்டேன்.” சொன்னவர் உறவினராக இருப்பார், அல்லது வீடு தேடி வந்து பொடி விற்றவராக இருப்பார், அல்லது கைப்பேசியில் வந்த காணொளியில் பேசியவராக இருப்பார். அந்த மாத்திரைகளில் பல நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைக் குறைப்பவைதாம். அதை நான் மறுப்பதில்லை. குறைக்கத்தான் வேண்டும் என்பதற்கான காரணத்தை ஒரு முறை முழுமையாக விளக்கிவிட்டால், நோயாளரும் குடும்பத்தாரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம். அந்த விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் மிகத் துடிப்பாக இயங்கி, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும் இந்த உறுப்புக்குப் பெரிய வேலை ஏதுமில்லை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1961-இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனேயே தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் தொற்றுகளுக்கு இரையாகி மெலிந்து இறப்பதையும், வேறோர் எலியின் தோலை ஒட்டினால்கூட அதை அந்நியப் பொருளாக அறிந்து விலக்க முடியாமல் இருப்பதையும் காட்டினார். எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகை வெள்ளணுக்கள் தைமஸுக்கு வந்து முதிர்ச்சி அடைந்த பின்னரே வேலைக்குத் தகுதி பெறுகின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று. அவற்றையே டி செல்கள் என்கிறோம்.

எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை அந்த முதிர்ச்சியில்தான் இருக்கிறது. நாளை எந்தக் கிருமி உடலுக்குள் நுழையும் என்பதை உடல் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு டி செல்லும் தன் மரபணுத் துண்டுகளை எவ்விதத் திட்டமும் இன்றிக் கலைத்துச் சேர்த்து, தனக்கென ஒரு தனி ஏற்பியை, அதாவது அந்நியப் பொருளை அடையாளம் கண்டு பற்றும் புரதத்தை, உருவாக்கிக்கொள்கிறது. இதனால் இதுவரை உலகில் தோன்றாத கிருமியைக்கூட அடையாளம் காணும் செல் ஒன்று உடலில் எங்கேனும் இருக்கும். ஆனால் அதே காரணத்தால், நம் சிறுநீரகத்தையோ மூட்டையோ கணையத்தையோ பகையெனக் கருதும் செல்களும் ஒவ்வொருவர் உடலிலும் நாள்தோறும் தோன்றிக்கொண்டே இருக்கும். தன்னுடல் தாக்கு நோய் என்பது எங்கிருந்தோ வந்து ஒட்டிய ஒன்றல்ல. அதற்கான வாய்ப்பு நம் எல்லோருக்குள்ளும் பிறவியிலிருந்தே இருக்கிறது.

அந்த ஆபத்தான செல்களைத் தைமஸ் சோதித்து நீக்குகிறது. உடலின் சொந்தப் புரதங்களை மிக அழுத்தமாகப் பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கேயே மடிகின்றன. எதையுமே பற்ற இயலாதவையும் மடிகின்றன. தைமஸுக்குள் வளரும் செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது, கணையத்தில் மட்டுமே சுரக்க வேண்டிய இன்சுலினைத் தைமஸின் உட்பகுதிச் செல்கள் சிறிதளவு தாமே தயாரித்து, வளரும் டி செல்களுக்குக் காட்டிச் சோதிக்கின்றன என்பதுதான். பல உறுப்புகளின் புரதங்களை இப்படி ஓரிடத்தில் உருவாக்கவைக்கும் ‘எய்ர்’ என்னும் மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. அது பழுதான குழந்தைகளுக்குப் பாராதைராய்டு சுரப்பி, அட்ரீனல் சுரப்பி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குதலுக்கு உள்ளாகின்றன.

எனினும் தைமஸின் சோதனை முழுமையானதல்ல. சில செல்கள் தப்பி இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அவற்றை யார் அடக்குகிறார்கள் என்ற கேள்விக்கான விடைதான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் அகற்றப்பட்ட எலிகளுக்குத் தன்னுடல் தாக்கு நோய் வருவதையும், நலமான எலியின் டி செல்களைச் செலுத்தினால் அது தடுக்கப்படுவதையும் தொடர்ந்து ஆராய்ந்து, பிற டி செல்களை அடக்கிவைக்கும் தனி வகைச் செல்கள் உண்டு என்று 1995-இல் நிறுவினார். அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், பிறவியிலேயே தோல் செதிலுதிர்ந்து சில வாரங்களில் இறந்துபோகும் ஒருவகை எலிகளின் குறைபாடு ‘ஃபாக்ஸ்பி3’ என்னும் மரபணுவில் இருப்பதை 2001-இல் கண்டறிந்தனர். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கும் நீரிழிவும் தோல் அழற்சியும் கைக்குழந்தைப் பருவத்திலேயே வருகின்றன. சகாகுச்சி கண்ட செல்களை உருவாக்குவதும் இயக்குவதும் இந்த மரபணுவே என்பது 2003-இல் உறுதியானது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று இவற்றை அழைக்கிறோம். அந்தக் குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது; அதை நிறுத்தும் ஆற்றல்தான் அவர்களிடம் இல்லை.

எதிர்ப்பாற்றலை உண்மையிலேயே கூட்டினால் என்ன ஆகும் என்பதையும் மருத்துவ உலகம் பார்த்திருக்கிறது. 2006 மார்ச் மாதம் லண்டன் மருத்துவமனை ஒன்றில், டி செல்களை நேரடியாகத் தூண்டும் டிஜிஎன்1412 என்னும் மருந்து நலமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகளுக்குப் பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஆயினும் சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் இரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கத் தொடங்கித் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். இன்று புற்றுநோய்க்காக டி செல்களின் தடைகளை நீக்கும் மருந்துகள் பல உயிர்களைக் காக்கின்றன. அவற்றைப் பெறுவோரில் சிலருக்குத் தைராய்டு அழற்சி, குடல் அழற்சி, நீரிழிவு ஆகியவை தோன்றுவதால், மருத்துவர்கள் ஒவ்வொரு வருகையிலும் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இனி நம் ஊரில் விற்கும் பொருள்களுக்கு வருகிறேன். “எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்” என்று எழுதி விற்கப்படும் பெரும்பாலான பொடிகள் எந்த டி செல்லையும் தூண்டுவதில்லை. பணம் வீணாவதோடு தீங்கு முடிந்துவிடும். தூண்டக்கூடியவை சில உள்ளன, தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கு அவையே ஆபத்து. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை உட்கொண்ட பின் லூபஸும் தோல்தசை அழற்சியும் கிளர்ந்தெழுந்த நோயாளர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) முளையைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது 1982-இலேயே வெளியிடப்பட்டது. கொரோனா காலத்தில் சீந்தில் பொடியைத் தாமாகவே நாள்பட உட்கொண்டு கல்லீரல் அழற்சிக்கு உள்ளானவர்களைப் பற்றி இந்தியக் கல்லீரல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கனவே தைராய்டு போன்ற தன்னுடல் தாக்கு நோய் இருந்தது. தனித்தனி நோயாளர் பற்றிய பதிவுகள் பெரிய ஆய்வுகளுக்கு ஈடாகா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயன் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக இந்த அளவு ஐயத்தைக்கூட ஒரு லூபஸ் நோயாளர் ஏற்க வேண்டியதில்லை. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி இதில் சேராது. அது வேறு பாசி, வெறும் உணவு, தயங்காமல் உண்ணலாம்.

பெயர் இல்லாத பொட்டலங்களில் விற்கும் மூட்டுவலிப் பொடிகள் இன்னொரு வகை. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிடுவதால் நம்பிக்கை வளர்கிறது. முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது. பொடி தீர்ந்ததும் உடல் திடீரெனத் துவண்டு விழுகிறது. ஏனெனில் வெளியிலிருந்து நாள்பட ஸ்டீராய்டு வந்தால், உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும் என்பதால்தான் அதைப் படிப்படியாகக் குறைக்கிறோம். சட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. அதை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை பழுதாகும். எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

லூபஸுக்கு அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. நோய் மீண்டும் கிளர்வதைக் குறைக்கிறது. கருவுற்ற காலத்திலும் தொடரலாம். தொடங்கும்போது ஒரு முறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. “கண் போய்விடும்” என்று அஞ்சி இதைக் கைவிட்டுச் சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வேதனை பெரிது.

லூபஸ் நோயாளரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் தொடங்குகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைத்து, அவற்றின் உட்பொருள்களை எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படவைப்பதால் நோய் கிளர்கிறது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுக்கும் பெண்கள், நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் பகல் முழுவதும் இருப்பவர்கள். அவர்களிடம் வெயிலில் போகாதே என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. முழுக்கைச் சட்டை, கழுத்தையும் கன்னத்தையும் மறைக்கும் துணி, உச்சிப் பொழுதுக்கு முன் கரையேறுவது, நோய் கிளர்ந்திருக்கும் வாரங்களில் கரையில் நிழலில் செய்யும் வேலைக்கு மாறுவது என்று அவர்களால் இயன்றதைச் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். சக பெண்கள் அதற்கு இடம் கொடுத்து உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

கன்னங்களில் வெயில் பட்டால் சிவக்கும் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்தல், காலையில் ஒரு மணி நேரமாகியும் விலகாத விரல் இறுக்கம், காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீரக பாதிப்பு வலியே இல்லாமல் வளரும். நுரைத்த சிறுநீரும் கால் வீக்கமும் தோன்றும்போது நோய் முன்னேறியிருக்கும். சிறுநீரில் புரதம் பார்க்கும் எளிய சோதனையும் இரத்த அழுத்த அளவும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள்களில் மாத்திரை தீர்ந்தும் வாங்காமல் விடுவோர் பலர். வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது தன் மருந்தைத்தான் பெண்கள் முதலில் தள்ளிவைக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வாருங்கள். சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, தடைக்காலம் முழுமைக்குமான மாத்திரைகளை எழுதித் தருகிறேன், அரசு மருத்துவமனையில் கிடைப்பவை எவை என்பதையும் அதிலேயே குறித்துத் தருகிறேன். கணவரோ மகனோ உடன் வந்தால், இந்த மாத்திரை ஏன் நிற்கக் கூடாது என்பதை அவர்களிடமும் விளக்கிச் சொல்லிவிட முடியும்.