தட்டில் மிஞ்சும் தானியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம், நாய் பூனைகளோடு, அட்டைப்பெட்டிக்குள் துணி சுற்றிய புள்ளிப்புறாக்களும் அவ்வப்போது வந்து சேர்கின்றன. சென்ற மழைக்காலத்தில் தமான் எனும் குடியிருப்பில் வாழும் அம்மா ஒருவர் கொண்டுவந்த புறாவின் அலகைத் திறந்தபோது, பாலாடை திரண்டாற்போல ஒரு மஞ்சள் கட்டி தொண்டையை அடைத்திருந்தது. “தோட்டத்த விட்டு வந்ததுலேர்ந்து இதுங்கதான் துணை, டாக்டர், நல்ல தீனிதான் போடறேன்” என்றார். அவர் காட்டிய பையைக் கவிழ்த்தேன். சூரியகாந்தி விதை, உடைத்த சோளம், நிலக்கடலை, கொஞ்சம் தினை. அடியில் கிடந்தவை ஈரமேறிக் கட்டிதட்டி, பூஞ்சை வாடை அடித்தன.

தொண்டைக் கட்டிக்குக் காரணம் பூஞ்சை அன்று. ட்ரைக்கோமோனாஸ் எனும் ஓரணு ஒட்டுண்ணி, நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட தானியத்தாலும் தண்ணீராலும் அடுத்த பறவைக்குத் தொற்றுகிறது. ஆயினும் பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் இடம் கொடுப்பது, தின்னப்படாமல் மிஞ்சி நனைந்து கிடக்கும் தீனியே.

தீனி மிஞ்சுவதற்கு முதற்காரணம், பறவைக்குப் பொருந்தாததை வாங்குவது. நம் வீட்டருகே தானியம் தேடி வருபவை பெரும்பாலும் மலாயில் பிப்பிட் எனப்படும் சில்லை, சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, புள்ளிப்புறா, மெர்போக் எனும் சிறு புறா ஆகியவைதான். இவற்றுக்குத் தினை, சாமை, நெல், குருணை போன்ற சிறுமணிகளே போதும். சில்லை உமியை அலகால் உரித்துத் தின்னும். புறாவோ முழுதாக விழுங்கி, இரைப்பையில் சிறுகற்களோடு சேர்த்து அரைத்துக்கொள்ளும். கனத்த ஓட்டுச் சூரியகாந்தி விதையைச் சில்லையால் உடைக்க இயலாது. பையின் மேலுள்ள படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்க வேண்டியதில்லை. கொண்டைக்குருவிக்கும் மாங்குயிலுக்கும் பப்பாளித் துண்டு வைக்கலாம். நடவுக்கென மருந்து பூசிச் சாயமேற்றிய விதைகளை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

நிலக்கடலையையும் சோளத்தையும் நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். 1960-இல் இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கைப் பற்றிய பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்னும் அந்த நஞ்சு உருவாக நம் ஊர்ப் புழுக்கம் மிகவும் ஏற்றது. ஆகவே தினையையும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், காய்ந்த மைலோ டின்னில் இறுக மூடி வைப்பது நல்லது.

காலையில் ஒரு கைப்பிடி வைத்து, நண்பகலுக்குள் மிஞ்சியதை அகற்றிவிட வேண்டும். தட்டு நிறைந்திருப்பதுபோல் தோன்றினாலும் வாயால் ஊதிப் பாருங்கள், பாதி வெறும் உமியாக இருக்கும். வாரம் ஒருமுறை, ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்பு நீருக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து கழுவி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால், ஈரமின்றி வாழ முடியாத அந்த ஒட்டுண்ணி மடியும். கீழே சிந்தியதைக் கூட்டாவிட்டால் எலி வரும். எலிக்கு மருந்து வைத்தால், செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிப்பதற்கென்றே பெட்டி கட்டி வளர்க்கும் கூகை, அந்த எலியைத் தின்று தானும் நஞ்சேறி மடியக்கூடும்.

அந்தப் புறா மறுநாள் இறந்துவிட்டது. இரண்டு வாரமாவது தீனியையும் தண்ணீரையும் நிறுத்தும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன். “பசிக்காதா, டாக்டர்?” என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் செம்பனை ஓரத்துப் புல் கதிர்விட்டிருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பளவு நிற்கிறது என்றார்.