கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் வெகுநேரம் நின்றாள். நம் விமானப்படையில் 1957 முதல் 2007 வரை பறந்த ரகம் அது. அப்புறம் கேட்டாள்: "ஏன் மாமா, இவ்வளவு பெரிய விமானம் கடல்ல விழுந்தா எப்படிக் காணாமப் போகும்? ஜி.பி.எஸ். இருக்குமே?"

ஜி.பி.எஸ். விஷயம் சுலபம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதனால் அந்த ரேடியோ அலை கடலுக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். வெளிச்சமும் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஒலி ஒன்றுதான் மிச்சம். கடலில் அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். பயணிகள் விமானத்தின் கறுப்புப் பெட்டியோடு 37.5 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஒலிக்கருவி உண்டு. ஆனால் சில கிலோமீட்டர் நெருக்கத்தில் போனால்தான் அது கேட்கும். சரி, எந்தப் பக்கம் நெருங்குவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. வீட்டில் தோடு தொலைந்துவிட்டது என்று வையுங்கள். படுக்கையறையில் இருக்க 60 சதவீதம் வாய்ப்பு, சமையலறையில் 30, பால்கனியில் 10. படுக்கையறையைத் தேடுகிறீர்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று, இல்லை. "அங்கே இல்லவே இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது. தோடு அங்கேயே இருந்தாலும் அது உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு 80 சதவீதம்தான். ஆகவே 60-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12, இன்னும் உயிரோடு இருக்கிறது. 12, 30, 10 என்ற மூன்றையும் கூட்டினால் 52. இதை நூறுக்கு மாற்றினால் படுக்கையறைக்கு 23, சமையலறைக்கு 58, பால்கனிக்கு 19. கையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்து எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது! 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் அடிக்கல் நாட்டிய கணிதம் இது.

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு எண் கொடுத்துவிடலாம். 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமரெஸ் ஊருக்கு மேலே அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம், தனக்கு எரிபொருள் நிரப்ப வந்த விமானத்தோடு மோதியது. இரண்டிலும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் ஒன்று கடலில் விழுந்தது. அதைத் தேடியபோது அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி ஜான் கிரேவன் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். பாராசூட்டில் ஏதோ இறங்கியதைப் பார்த்த பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவர் காட்டிய இடம் பெரிய துணையாக இருந்தது. ஆல்வின் நீர்மூழ்கி அந்தக் குண்டை மார்ச் மாதம் கண்டுபிடித்தது.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் கதை இன்னும் நுட்பமானது. ஒலிக்கருவியைத் தேடிய கப்பல்கள் முதல் மாதமே அது கிடந்த பகுதி வழியாகப் போயின. சத்தம் கேட்கவில்லை, ஆகவே அங்கே இல்லை என்று வேறு இடங்களில் தேடினார்கள். பிறகு புள்ளியியலாளர்கள், 'ஒலிக்கருவிகளே பழுதாகியிருந்தால்?' என்று கேட்டு எண்களைத் திருத்தினார்கள். ஒதுக்கி வைத்த கட்டங்கள் மறுபடி மேலே வந்தன. 2011 ஏப்ரலில், புதிய தேடல் தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது.

நம் ஊரில் பொருள் தொலைந்தால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. மை போடுகிறவர் சொன்ன இடத்தில் பொருள் இல்லையென்றால், அந்தத் தோல்வியிலிருந்து அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பேய்ஸ் கணக்கோ தோல்வியையே தின்று வளர்கிறது.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அப்போது எத்தனை கப்பல்களும் விமானங்களும் தேடின! ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, அது மறைந்த பகுதியில் 3,400 மீட்டர் ஆழத்தில் சோனார் (ஒலி அனுப்பி எதிரொலியில் தேடும் கருவி) வைத்துத் துழாவியது, படமும் எடுத்தது. இப்படி ஒரு கருவி 2016-லேயே நம்மிடம் தயாராக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ராக்கெட் கிளம்பினால் பெங்களூரில் தெருவே கைதட்டுகிறது, அது நியாயமும்கூட. 2021-இல் 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையைத் திரும்பும் வழியில் மெட்ரோவில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். படங்களில் தெரியும் சிதைவுகள் ஏ.என்.-32-ஓடு பொருந்துகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவில்லை. "மாமா, அந்த ரெண்டாவது வரி தோடு கணக்குதானே?" என்றாள்.