டவர் இல்லாத ஊரில் பிரசவ வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிடுவது எப்படி?

108 இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது, பேலன்ஸ் இல்லாத போனிலிருந்தும் போகும். ஆனால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரி இடங்களில் வண்டியை விட போன்தான் பெரிய சிக்கல். வீட்டுக்குள் டவர் வராது, மேட்டுப் பாறையில் ஏறினால் இரண்டு கோடு வரும், அதனால் யாராவது ஓடிப்போய்ப் பேசிவிட்டு 'சொல்லியாச்சு' என்று இறங்கி வந்துவிடுவார்கள்.

அங்கேதான் தப்பு. நீங்கள் பேசுவது சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையோடு. அவர்கள் பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத் தகவல் கொடுத்ததும், வண்டியில் வருபவர்கள் வழி கேட்டு நீங்கள் கூப்பிட்ட அதே நம்பருக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்தப் போன் பள்ளத்தில் இருந்தால் வண்டி பாதி வழியில் நின்று விசாரித்துக்கொண்டிருக்கும். ஆகவே பேசியவர் பாறையை விட்டு இறங்கக் கூடாது, வேறொருவர் டார்ச்சோடு ரோட்டுக்குப் போகட்டும்.

உங்கள் சிம்முக்கு டவரே இல்லையா? வேறு கம்பெனி டவர் இருந்தாலும், எல்லா அவசரத்துக்கும் பொதுவான எண்ணான 112 போகும். ஆனால் அப்போது அவர்களால் திரும்பக் கூப்பிட முடியாது, அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

என்ன சொல்வது? 'புதூர்' என்றால் மாவட்டத்துக்குப் பத்து புதூர் இருக்கும். மாவட்டம், வட்டம், ஊராட்சி, அப்புறம் கோயிலோ பள்ளிக்கூடமோ ஓர் அடையாளம். ரத்தப்போக்கு, வலிப்பு இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பிறகு எத்தனையாவது மாதம், பனிக்குடம் உடைந்துவிட்டதா, முந்தைய பிரசவம் ஆபரேஷனா என்பது. வண்டி ஏற முடியாத பாதை என்றால் டோலி கட்டி எந்த இடம் வரை தூக்கி வருவீர்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சரி, இவ்வளவு ஓட்டமும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் எட்டாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். என்னைக் கேட்டால் மழைக்காலத்தில் தேதி வருபவர்களுக்கு இதுதான் நல்லது.

காசு விஷயம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுமே இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம் எதற்கும் கட்டணம் இல்லை. சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை சாப்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அந்த வண்டியும் இலவசம்தான், தனியார் வண்டி பிடிக்கச் சொன்னால் 108-ஐக் கேளுங்கள். யாராவது காசு கேட்டால் அரசின் சுகாதார உதவி எண்ணான 104-இல் புகார் சொல்லலாம்.

குழந்தையோடு வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி இருக்கிறது. டிஸ்சார்ஜ் என்று சொன்ன காலையிலேயே வார்டு நர்ஸிடம் கேட்டுவிடுங்கள், சாயங்காலம் கேட்டால் மலை ஏறுவதற்குள் இருட்டிவிடும்.