பாய்லரின் தகுதிச் சான்றிதழும் மீதி ஆயுளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவார் வட்டாரத்தில் செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவர்களும், பராமரிப்புக் காலத்தில் மஞ்சோங் அனல்மின் நிலையத்துக்குக் குத்தகை வேலைக்குப் போகும் பிள்ளைகளும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "சான்றிதழ் இருக்கிறது, பயமில்லை." சான்றிதழ் அவசியம்தான். ஆனால் அது சொல்வது ஒன்று, உலோகத்தின் மீதி ஆயுள் வேறொன்று.

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதியோடு நீங்கியது. அன்றே, திருத்தப்பட்ட 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. பாய்லர், அழுத்தக் கலன், மின்தூக்கி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி அப்படியே தொடர்கிறது. பரிசோதனை நாளில் கலன் பாதுகாப்பாக இருந்தது, அடுத்த பரிசோதனை வரை ஓட்டலாம் என்பதே அந்தச் சான்றிதழின் பொருள். இன்னும் பத்து ஆண்டு தாங்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

அந்தக் கேள்வி எல்லாக் கலனுக்கும் எழுவதில்லை. பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரின் சூடு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ். அங்கே பயப்பட வேண்டியது துருவுக்கும் கதவுப் பூட்டுக்கும்தான். 20 பார் அழுத்தத்தில் ஓடும் ஆலை பாய்லரின் டிரம் (நீரும் நீராவியும் சேர்ந்திருக்கும் உருளை) 215 டிகிரியை ஒட்டி இருக்கும். சாதாரணக் கார்பன் எஃகு ஏறத்தாழ 370 டிகிரியைத் தாண்டும்போதுதான், அழுத்தம் மாறாமல் இருந்தாலும், மெல்ல மெல்ல நீளத் தொடங்குகிறது. இதைத்தான் 'கிரீப்' என்கிறார்கள். மின் நிலையத்தில் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாய்களும் தலைமை நீராவிக் குழாய்களும் ஆண்டுக்கணக்கில் அதைவிட அதிகச் சூட்டிலேயே கிடக்கின்றன. ஆலை பாய்லரிலும் குழாயின் உட்புறம் சுண்ணப் படிவு தடித்தால், உலோகம் மட்டும் தனியாகச் சூடேறி அந்த எல்லைக்குப் போய்விடும்.

குறித்த சூட்டைவிடப் பத்து டிகிரிதானே கூடுதல் என்று விட்டுவிடுகிறோம். 1952இல் லார்சன், மில்லர் என்ற இருவர் வகுத்த கணக்கு, சூட்டையும் நேரத்தையும் ஒரே எண்ணில் சேர்க்கிறது. 540 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் குழாய் என்று வையுங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் அது சுமார் 11 ஆண்டு 5 மாதம். அதே குழாயை அதே அழுத்தத்தில் 550 டிகிரியில் ஓட்டினால் ஏறக்குறைய 50,000 மணி நேரத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பத்து டிகிரிக்குப் பாதி ஆயுள் போகிறது. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

கணக்கு மட்டும் போதாது, உலோகத்தையே பார்க்க வேண்டும். குழாயின் வெளிவிட்டம் பெருத்திருக்கிறதா, சுவர் மெலிந்திருக்கிறதா என்று அளப்பார்கள். உட்புற ஆக்சைடு படிவின் தடிமனைக் கொண்டு, இத்தனை நாளும் உலோகம் எந்தச் சூட்டில் இருந்தது என்று கணிப்பார்கள். வெல்டிங் அருகே கட்டைவிரல் அளவு இடத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த மெல்லிய படலத்தை ஒட்டி உரித்தெடுப்பார்கள். நுண்ணோக்கியில் அந்தப் படலத்தில் உலோகத்தின் மணிகள், அதாவது அதன் நுண்படிகங்கள், பதிந்திருப்பது தெரியும். மணிகளின் ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளித்துளைகள் இருந்தால் கண்காணித்தபடி ஓட்டலாம். துளைகள் வரிசை கட்டியிருந்தால் அடுத்த சோதனையை முன்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை இணைந்து வெடிப்பாகத் தெரிந்தால் பழுதுபார்ப்பதையோ மாற்றுவதையோ தள்ளிப்போடக் கூடாது.

இதில் தொழிலாளிக்கு என்ன உரிமை? இயந்திரங்களை இயன்றவரை பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது அந்த 1994 சட்டத்தின் 15ஆவது பிரிவு. மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். மீதி ஆயுள் ஆய்வு எப்போது நடந்தது, எந்தக் குழாயில் நடந்தது என்று அந்தக் குழுவில் கேளுங்கள். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லையென்றால், அந்த இடத்தைவிட்டு விலக அதே சட்டத்தின் 26ஏ பிரிவு உரிமை தருகிறது. கிரீப் ஆண்டுக்கணக்கில் நடப்பது என்பதால், பெரும்பாலும் முதலில் உதவுவது குழுக் கூட்டம்தான்.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. இரவு ஷிப்டில் நீராவிச் சூடு குறித்த அளவைத் தாண்டினால், பதிவேட்டில் 'சரி' என்று எழுதாதீர்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். மீதி ஆயுளைக் கணக்கிட வரும் பொறியாளருக்கு அந்தப் பதிவேடு வேண்டும்.