மலை ஏறும் லேப்டாப்புக்கு எந்தப் பை?

குன்னூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். தேயிலைக் கம்பெனி ஆட்கள், ஆடிட்டர்கள், கோவையிலிருந்து ஏறி வரும் மெடிக்கல் ரெப்கள் எல்லாம் கொண்டு வருவார்கள். கீல் உடைந்தது, திரை மூலையில் விரிசல், கீபோர்டுக்குள் ஈரம். விசாரித்தால் கீழே போட்டிருக்க மாட்டார்கள், பைக்குள்ளேயே நடந்திருக்கும்.

பை வாங்கும்போது எத்தனை அறை என்று பார்ப்பதற்கு முன்னால் அடியைப் பாருங்கள். லேப்டாப் வைக்கும் அறைக்குள் கையை விட்டு அடிவரை தொடுங்கள். அந்த அறை பையின் அடித்துணிக்கு இரண்டு விரல் மேலேயே முடிந்து, அங்கே ஃபோமும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். விரல் நேராக அடித்துணியில் முட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் பஸ்ஸில் காலடியில் தொப்பென்று வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது லேப்டாப்பின் மூலைதான். அளவும் முக்கியம். 15.6 இஞ்ச் என்பது திரையின் குறுக்களவு, லேப்டாப்பின் நீள அகலம் இல்லை. முடிந்தால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள், உள்ளே ஆடக் கூடாது.

அடுத்தது மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளுத்து வாங்கும், கூடலூர் பக்கம் ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். வேலையாக இரண்டு பக்கமும் போகிறவர்களுக்கு வருஷத்தில் பாதி மழைக்காலம்தான். துணி தண்ணீர் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தண்ணீர் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் இறங்கும். ஜிப்பின் மேல் மூடுகிற மாதிரி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தனியாக ஒரு ரெயின் கவரும் வாங்கிவிடுங்கள். ஃபோம் ஒருமுறை நனைந்தால் இந்த மூடுபனியில் லேசில் காயாது. தோல் பை பார்க்க அழகுதான், ஆனால் இங்கே அலமாரியில் வைத்தாலே பூஞ்சை பிடிக்கும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் எல்லோர் கையிலும் ஸ்டீல் பாட்டில். அதை லேப்டாப்போடு உள்ளே வைக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது திரையின் முதுகை இடித்துக்கொண்டே வரும், மூடி கசிந்தால் அதோடு முடிந்தது. வெளிப்பக்கம் ஆழமான பாக்கெட் உள்ள பையாக எடுங்கள். சார்ஜருக்கும் தனி அறை வேண்டும்.

மூடி வைத்தால் போதும் என்று நினைத்து ஸ்லீப்பிலேயே பைக்குள் தள்ளுகிறார்கள். பாதி வழியில் அது தானே விழித்துக்கொண்டால் ஃபோமுக்குள் சூடு போக இடமில்லை. ஷட் டவுன் செய்துவிட்டே வையுங்கள்.

ஜனவரியில் ஊட்டியில் உறைபனி இறங்கும் ராத்திரிகளில் பையைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். விட்டிருந்தால், ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டு வந்ததும் திறக்காமல் அப்படியே மூடி வையுங்கள், குளிர்ந்த லேப்டாப்பில் சூடான காற்று பட்டால் உள்ளேயும் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். சார்ஜும் அப்புறம்தான், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெடும்.

எல்லாவற்றையும் மீறி நனைந்துவிட்டதா? வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள், அரிசியிலும் புதைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அன்றைக்கே பக்கத்தில் உள்ள சர்வீஸ் கடையில் பிரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.