நித்திரையும் வருதில்லை, முழிச்சிருக்கவும் ஏலாது

மாமா மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஒழுங்கை முடக்கில் மாடு குறுக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தும் தலை மதிலில் மோதியது. ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று கிழமை கழித்துப் பார்க்கப் போனேன். "தம்பி, நித்திரையும் வருதில்லை, முழிச்சிருக்கவும் ஏலாது" என்றார். இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் நடை. காலை பத்து மணிக்குப் பத்திரிகையை விரித்தால் தலை சாய்ந்துவிடும்.

கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆனால் தலையில் அடிபட்ட மூளைக்குள் நடப்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

நித்திரையை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று கடன் கணக்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக் கூடக் கண் சொருகும். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நித்திரை கலைகிறது. மற்றது மணிக்கூடு. கண் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கணிக்கும் ஒரு சிறு நரம்புத் திரள், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸில் இருக்கிறது. இருட்டியதும் அதன் சொற்படி மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி, இரவாகிவிட்டதை உடம்புக்கு அறிவிக்கும் மெலட்டோனினை விடுகிறது. இவை போக, பகல் முழுக்க நம்மை விழிப்பில் பிடித்து வைத்திருப்பதற்கு ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்களும் அதே ஹைப்போதலமஸில் உண்டு.

மூளை முற்றாத நுங்கு மாதிரி மெதுவானது. ஓடிவந்த தலை மதிலில் சட்டென நிற்கும்போது உள்ளே அது குலுங்கி முறுகுகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. சாதாரண ஸ்கானில் இது தெரியாமல் போகலாம். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலையில் பலமாக அடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் நாட்களில் மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் ஒரெக்சின் குறைந்திருந்தது. வேறோர் ஆய்வு, இரவு மெலட்டோனினும் இவர்களுக்குக் குறைவாகச் சுரப்பதைக் காட்டியது. பகலைத் தாங்கும் தூணும் ஆடுகிறது, இரவை அறிவிக்கும் மணியும் மெதுவாகக் கேட்கிறது. இதற்கு மேல் தலையிடி, காதிரைச்சல், விபத்தின் நினைவு. மாமா சொன்ன இரண்டு பாதியும் உண்மைதான்.

சரி, குளிசைக்கு வருவோம். நித்திரைக் குளிசை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே வெவ்வேறு சுவிட்சுகள். டயசபாம் வகை மருந்துகள் காபா என்ற பொருளின் வாங்கிகளை, அதாவது அது வந்து உட்காரும் இடங்களை, பிடிக்கின்றன. காபா நரம்புக் கலத்தின் கதவைத் திறந்து குளோரைட்டு அயன்களை உள்ளே விடும், கலம் அடங்கும். மருந்து அந்தக் கதவு திறப்பதைக் கூட்டுகிறது. மூளை எங்கும் காபா வாங்கிகள் இருப்பதால் எல்லா இடமும் சேர்ந்து அடங்குகிறது. மயக்கமாகக் கிடப்பதற்கும் நித்திரைக்கும் வித்தியாசம் உண்டு: இந்த மருந்துகள் ஆழ்ந்த நித்திரையின் பங்கைக் குறைக்கின்றன. அடிபட்ட மூளையோ புதிய இணைப்புகளைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே மறதியும் தள்ளாட்டமும் உள்ளவருக்கு மறுநாள் மந்தமும் சேர்ந்தால் கிணற்றடியில் விழுந்து இரண்டாவது முறை தலையில் அடிபடுவார். பல கிழமை குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். சொல்பிடெம் என்ற இன்னொரு நித்திரைக் குளிசை இதே வாங்கியைத்தான் சற்றுத் தெரிந்தெடுத்துப் பிடிக்கிறது. காலையில் வாகனம் ஓட்டும்போதும் மந்தம் தொடர்கிறது என்று 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

மாமா குடித்தது இவை ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த தடிமன் குளிசை! எங்கள் ஊரில் தடிமன் குளிசை பாதி வீடுகளில் நித்திரைக் குளிசையாகவும் வேலை செய்கிறது. அதில் இருக்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் விழிப்பைத் தரும் ஹிஸ்டமினை மறிக்கின்றன. நித்திரை வரும், உண்மைதான். ஆனால் கூடவே அசற்றைல்கோலினையும் மறிக்கின்றன. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய பொருள் அது. உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும் என்பதால் மறுநாளும் மூளை பனிப்புகாருக்குள் இருக்கும். எனக்குக் கேட்டால், ஆபத்தில்லாதது என்று எல்லோரும் நினைப்பதாலேயே இதுதான் கூடுதலாகக் குழப்பம் தருவது.

தலையிடியும் இருந்தால் வைத்தியர்கள் சிறிய அளவில் அமிற்றிப்ரிலின் என்ற மருந்தைக் கொடுப்பதுண்டு. அதுவும் அசற்றைல்கோலினை மறிக்கும். வலிப்பு வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். கள்ளு முதல் நித்திரையைத் தந்து நடுச்சாமத்தில் பிடுங்கிக்கொள்ளும். அதைப்பற்றி மாமாவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மெலட்டோனின் வேறு மாதிரி. அது மூளையை அமத்துவதில்லை, இரவாகிவிட்டது என்று செய்தி சொல்வதோடு சரி. மெல்பேர்னில் தலையில் அடிபட்ட 33 பேருக்கு மெதுவாகக் கரையும் 2 மில்லிகிராம் குளிசையை நான்கு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. நித்திரையின் தரம் மேம்பட்டது, நித்திரை வர எடுத்த நேரம் குறையவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் உடைந்த இடத்துக்கே போகும் மருந்து என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

மணிக்கூட்டைத் திருத்த இன்னொரு வழி வெளிச்சம். நோர்வேயிலிருக்கும் சொந்தக்காரர்கள் குளிர்காலத்தில் காசு கொடுத்து விளக்கு வாங்குகிறார்கள். இங்கே காலை 6 மணியை ஒட்டி வருடம் முழுக்க முற்றத்தில் இலவசம். தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது, நித்திரை வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, புரண்டுகொண்டு கிடக்காமல் எழும்பிவிடுவது: இவற்றை வைத்துத்தான் நித்திரையின்மைக்கான நடத்தைச் சிகிச்சை நடக்கிறது. அடிபட்டவர்களுக்கும் அது உதவுகிறது. பகல் குட்டித் தூக்கத்தை மட்டும் அடியோடு தடுக்காமல் நேரம் குறித்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் ஆறும் மூளைக்குக் களைப்பு அதிகம்.

ஒன்றை மறக்கக்கூடாது. அடிபட்ட முதல் நாட்களில் நித்திரைக் குளிசையைத் தொடவே வேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்தால் அதன் அடையாளமும் அரைமயக்கம்தான். எது மருந்து, எது ஆபத்து என்று பிரித்தறிய முடியாது.

மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் குளிசையைப் பற்றிக் கேட்குமுன் மாமியிடம், "இவர் குறட்டை விடுவாரா?" என்றார்.

"ஓம் டொக்டர், முந்தியும் விடுவார். இப்ப நடுவில கொஞ்ச நேரம் மூச்சையே காணேல்ல."

அடிபட்டவர்களிடையே நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு அதிகம். மூச்சு நின்றால் உடம்பு எழுப்பிவிடும். எழுப்பும் அந்த ஆற்றலைத்தான் டயசபாம் வகைக் குளிசைகள் மழுங்கடிக்கின்றன. டொக்டர் குளிசை எதுவும் எழுதவில்லை, நித்திரைப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். வீட்டுக்கு வந்ததும் மாமி தடிமன் குளிசைப் பெட்டியை எடுத்து அன்ரியிடம் திருப்பிக் கொடுத்தார். மாமா இன்னும் இரண்டு மணிக்கு எழும்புகிறார், ஆனால் இப்போது மாமி பக்கத்தில் விழித்திருந்து மூச்சை எண்ணுகிறார்.